களனி ஏறும்போது: வீட்டில் இருப்பதா, கிளம்புவதா?

"அக்கா, ஆமிக்காரர் வந்து ஸ்பீக்கரில் சொல்லிட்டுப் போறாங்க. நாங்க போகவா, இருக்கவா?"

2025 நவம்பர் 28ஆம் திகதி பின்னேரம், என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி, கொழும்பை ஒட்டிக் களனி ஆற்றுப் பக்கம் இருக்கும் கொலன்னாவையிலிருந்து போன் எடுத்துக் கேட்டாள். அன்றுதான் டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியிருந்தது. அவளுடைய கணவருக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லை. மாமியாருக்கு முழங்கால் வருத்தம், படி ஏற மாட்டார். இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், தவணைக்கு எடுத்த புது ஃபிரிட்ஜ். அன்றிரவுக்குள் வத்தளையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் இதே கேள்வி வந்துவிட்டது. மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். ஏன் அப்படி என்பதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

இதை எழுத எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. 2016 மே மாத வெள்ளத்தில், வெல்லம்பிட்டியவில் வாடகை வீட்டில் "பார்ப்போம், பார்ப்போம்" என்றே இருந்துவிட்டு, இரவு 11 மணிக்கு அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்த குடும்பம் நாங்கள். அந்தத் தகுதிதான்.

## காற்றுக்குப் பயப்படுவதா, தண்ணீருக்கா?

புயல் என்றதும் நம் ஆட்களுக்கு 1978 மட்டக்களப்பு ஞாபகம் வரும். வடக்கில் இன்னும் வயதானவர்களுக்கு 1964 டிசம்பர். அந்த இரண்டிலும் காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்தது. கொழும்பின் கதை வேறு. வங்காள விரிகுடாவில் பிறக்கும் புயல் மேற்குக் கரைக்கு வருவதற்குள் நிலத்தின் மேல் நடந்து களைத்துவிடும். காற்று குறையும், மழை குறையாது. மலைநாட்டில் கொட்டுகிற அந்த மழையைக் களனி ஆறு அள்ளிக்கொண்டு நம்மிடம் வரும். டித்வாகூட காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் பெரிய புயல் கிடையாது. அது 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது மழையாலும் மண்சரிவாலும்தான்.

ஆகவே செய்தியில் "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் காற்று" என்று சொல்லும் எண்ணை வைத்துக் கொழும்பில் வீட்டை விட்டுப் போவதா என்று முடிவெடுக்க வேண்டாம். காற்றுக்கு ஒரே பதில்: உள்ளே இருங்கள், மரத்தடியில் வாகனத்தை நிறுத்தாதீர்கள், பலத்த காற்று வீசும்போது பயணம் வேண்டாம். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மேல் மரம் விழுந்து 5 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை. தகரக் கூரையில் கல்லை ஏற்றிவைத்திருக்கும் வீடென்றால் மட்டும் காற்றுக்காகவும் வெளியேற வேண்டியிருக்கும்.

## முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

தங்கச்சியிடம் நான் முதலில் கேட்டது: "2016ல் உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு?" அவள் அப்போது அங்கே இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கச் சொன்னேன். அவர் கடைச் சுவரில் தோளுயரத்தில் ஒரு கோடு காட்டினாராம். இதைவிட நல்ல வரைபடம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. நீங்கள் புதிதாகக் குடிவந்தவர் என்றால் மழைக்காலம் வரும் முன்பே இதைக் கேட்டுவையுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் "இந்தப் பக்கம் தண்ணியே வராது" என்றுதான் சொல்வார்.

ஆற்றுக்கும் வெள்ளத்தடுப்பு அணைக்கும் நடுவில் வீடு இருந்தால் யோசிக்கவே தேவையில்லை, ஆறு முதலில் வருவது அங்கேதான். அணைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் குழம்புகிறார்கள். "ஆறு எங்கேயோ இருக்கு, நமக்கென்ன?" என்று நினைப்பார்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டிய போன்ற இடங்களில் மழைத்தண்ணீர் கால்வாய் வழியாகக் களனிக்குப் போக வேண்டும். ஆறு உயர்ந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லை. எங்கள் வீட்டுக்கு 2016ல் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பாத்ரூம் குழி வழியாகக் குமிழி விட்டுக்கொண்டு வந்தது. நாங்கள் வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது உயரம்: கொங்கிரீட் போட்ட மேல்மாடி உண்டா? பிறகு ஆட்கள்: படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, டயாலிசிஸ் செய்பவர், இன்சுலின் போடுபவர் யாராவது உண்டா? அப்புறம் நேரம்: வெளிச்சம் இன்னும் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது? கடைசியாகத்தான் காசு. மற்றவர்கள் காசை முதலில் வைப்பார்கள். நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், பிந்திக் கிளம்பினால் அந்தச் செலவு எப்படியும் இரண்டு மடங்காகும் என்பதுதான்.

## ஒரு பார்வையில்

| வழி | யாருக்குச் சரி | வெளியே தெரியாத செலவு | யாருக்கு வேண்டாம் |
|---|---|---|---|
| கீழ்வீட்டிலேயே இருப்பது | 2016லும் 2025லும் தண்ணீர் வராத மேட்டு வீடு | கரண்ட், குழாய்த் தண்ணீர் இல்லாத நாட்கள் | மற்ற எல்லோருக்கும் |
| மேல்மாடிக்கு ஏறுவது | உறுதியான மாடி, சுகமான பெரியவர்கள் | மலசலகூடம், குடிதண்ணீர், சார்ஜ் | நோயாளி, கைக்குழந்தை உள்ள வீடு |
| உறவினர் வீடு | மேட்டுப் பகுதியில் உறவு உள்ளவர்கள் | மூன்றாம் நாள் மனஸ்தாபம், பதிவு தவறுவது | மலைநாட்டில் மட்டும் உறவு உள்ளவர்கள் |
| முகாம் | வேறு போக்கிடம் இல்லாதவர்கள், நோயாளிகளும் கூட | வரிசை, தனிமை இல்லாமை | நாயை விட்டுப் போக மாட்டேன் என்பவர் |
| லொட்ஜ் அறை | கையில் காசு, சிறிய குடும்பம் | நாளுக்கு நாள் ஏறும் வாடகை, வெளிச்சாப்பாடு | அன்றாடக் கூலி வேலை செய்பவர் |

## மேல்மாடிக்கு ஏறுவது

கொழும்பில் பாதிப் பேர் எடுக்கும் முடிவு இதுதான். சாமானை மேலே ஏற்றிவிட்டு, "தண்ணி வடிஞ்சதும் இறங்குவோம்" என்று இருப்பது. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். உறுதியான மாடி இருந்து, எல்லோரும் நடக்கக்கூடியவர்களாக இருந்தால் வீதியில் இறங்குவதைவிட இது பாதுகாப்பு. ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சறுக்கிவிடும், ஒரு அடி இருந்தால் சிறிய காரை மிதக்கவைக்கும். த்ரீவீலுக்கு அவ்வளவுகூட வேண்டாம்.

ஆனால் ஒரு இரவுக்கு என்று கணக்குப் போட்டு ஏறுகிறார்கள். அங்கேதான் பிழை. தண்ணீர் வருவது சில மணித்தியாலம், வடிவது பல நாள். கீழே தண்ணீர் நின்றால் மேல்மாடி டொய்லெட்டும் வேலை செய்யாது, குழி நிரம்பியிருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வெட்கமோ என்னவோ. மூடியுள்ள வாளி ஒன்றும் நிறைய பொலித்தீன் பைகளும் சாப்பாட்டைவிட முக்கியம். கரண்ட் போனதும் மோட்டரும் போகும், மேலே உள்ள டாங்கியில் இருப்பது மட்டும்தான் தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 3 லீற்றராவது எடுத்துவையுங்கள், குறைந்தது நான்கு நாளைக்கு. காஸ் சிலிண்டரைக் கீழே விடாதீர்கள், மிதந்து போய்விடும். மெயின் சுவிட்சைத் தண்ணீர் வரும் முன்பே அணையுங்கள். வந்த பிறகு அதைத் தேடிப் போக வேண்டாம்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜ் நின்றதும் பதறுவார்கள். பாவிக்கத் தொடங்கிய குப்பி 30 பாகைக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் போதும். டயாலிசிஸ் என்றால் மாடி என்ற பேச்சே வேண்டாம். 1990க்கு அழைத்தாலும் அம்புலன்ஸ் உங்கள் ஒழுங்கைக்குள் நீந்தி வராது.

மாடி பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. முதல் நாள் தேநீர் கொடுத்துக் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள் அரிசி யாருடையது என்ற கேள்வி வரும். உங்கள் அரிசியோடும் பருப்போடும் ஏறுங்கள்.

## உறவினர் வீடு

என்னைக் கேட்டால், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ மூன்றாம் மாடியில் ஒரு மாமி இருந்தால் இதுதான் முதல் தெரிவு. தூரம் குறைவு, பாஷை பிரச்சினை இல்லை, பிள்ளைகளுக்குப் பழகிய இடம். கிளம்பும் முன் ஒரு கோல் எடுத்து "மாமி, இரண்டு நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் ஐந்து நாளாகும், அதை அவரும் அறிவார். வரும்போது ஒரு மூட்டை அரிசியும் பால்மா பைக்கற்றும் கொண்டுபோனால் அந்த ஐந்து நாளும் சுமுகமாகப் போகும்.

ஒரு செலவு பிறகுதான் தெரியும். முகாமில் இருப்பவர்களின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும். மாமி வீட்டில் இருப்பவர் விஷயத்தில் அப்படியில்லை. கிராம சேவகருக்குப் போன் எடுத்து "எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, நாங்கள் இன்ன இடத்தில் இருக்கிறோம்" என்று சொல்லிவைக்க வேண்டும். டித்வாவுக்குப் பிறகு வீடு சுத்தம் செய்ய அரசாங்கம் 25,000 ரூபா கொடுத்தபோது இந்தப் பெயர்ப் பட்டியல்தான் பேசியது.

இனி முக்கியமான ஒன்று. கொழும்பில் வேலை செய்யும் நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு "ஊர்" என்றால் ஹட்டன், பதுளை, நுவரெலியா. ஆபத்து என்றதும் ஊருக்குப் போக மனம் இழுக்கும். அம்மா அங்கே, அடுப்பு அங்கே. ஆனால் களனியை நிரப்புகிற மழை பெய்வது அங்கேதான். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. 2016ல் கொழும்பு மிதந்த அதே நாட்களில் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2025லும் அதிகம் பேர் இறந்தது மலைநாட்டில்தான். புயல் நேரத்தில் தண்ணீருக்குப் பயந்து மண்ணிடம் போகக் கூடாது. முடிந்தால் அவர்களை முன்கூட்டியே கொழும்பில் மேட்டில் இருக்கும் சொந்தத்திடம் வரச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டித்வா நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த பஸ் ஒன்று கலா ஓயா வெள்ளத்தில் சிக்கி, பயணிகள் கூரையில் ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க, கடற்படையினர் போய் மீட்டார்கள். அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. 2005ல் ரீட்டா சூறாவளிக்குப் பயந்து ஹூஸ்டன் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பி நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நின்றார்கள். புயலில் நேரடியாக இறந்தவர்களைவிட அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் அதிகம். நமக்குத் தேவை உயரம். ஆற்றோரம் இருக்கும் நாகலகம் வீதியிலிருந்து கொட்டாஞ்சேனை மேட்டுக்கு நடந்தே போகலாம்.

## முகாம்

பாடசாலை, பன்சலை (பௌத்த விகாரை), பள்ளிவாசல், கோயில் மண்டபம், தேவாலயம். வெள்ள நேரத்தில் இந்த ஊரில் யாரும் யாருடைய வாசல் என்று பார்ப்பதில்லை. 2016ல் எங்களுக்கு முதல் சோற்றுப் பார்சல் பள்ளிவாசலிலிருந்துதான் வந்தது.

நடுத்தரக் குடும்பங்கள் முகாமுக்குக் கூச்சப்படுகின்றன, கூச்சப்பட்டுக் கீழ்வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. அந்தக் கூச்சத்தை விடுங்கள். முகாமுக்குச் சுகாதார உத்தியோகத்தர்கள் வருவார்கள், மருந்து வரும், பெயர் பதிவாகும். நோயாளி உள்ள வீட்டுக்கு மாடியைவிட முகாம் மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. இருநூறு பேருக்கு நான்கு டொய்லெட். உடுப்பு மாற்ற இடமில்லை, பெண்பிள்ளைகளுக்குப் பெரிய கரைச்சல். ஒரு பெரிய படுக்கைவிரிப்பும் கயிறும் கொண்டுபோங்கள், மூலையில் கட்டினால் அறையாகிவிடும். சனிட்டரி நாப்கின், குழந்தையின் பால்மா, அம்மாவின் மருந்துச் சீட்டு இதெல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும். நாயை அனுமதிக்க மாட்டார்கள். நாய்க்காகவே வீட்டில் நின்றவர்களை எனக்குத் தெரியும். மாடியுள்ள பக்கத்து வீட்டில் அதை ஒப்படைக்க முன்பே பேசிவையுங்கள். எப்படியானாலும் கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

## லொட்ஜ்

காசிருந்தால் சுகம், அவ்வளவுதான். அடையாள அட்டை இல்லாமல் அறை கிடைக்காது. வெள்ளச் செய்தி வந்த அன்று காலையில் ஒரு விலை, இரவில் இன்னொரு விலை.

## "நீங்க போங்க, நான் வீட்டைப் பார்க்கிறேன்"

அட்டவணையில் இல்லாத ஆறாவது வழி இது. உண்மையில் அதிகம் நடப்பதும் இதுதான். மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு வீட்டு ஆண் ஒருவர் காவலுக்கு நிற்பார். கள்ளர் பயம் பொய்யில்லை, காலியான வீடுகளில் சாமான் போயிருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த வழி பிடிக்காது. அவர் போன் சார்ஜ் இறங்கியதும் முகாமில் இருக்கும் மனைவிக்கு நித்திரை போய்விடும். அடுத்த நாள் அவரைத் தேடி மகன் தண்ணீரில் இறங்குவான். தனியாள் தண்ணீரில் விழுந்தால் கை கொடுக்க யாரும் இல்லை. வழியில் அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பி தண்ணீருக்குக் கீழே தெரியாது.

நிற்கத்தான் வேண்டும் என்றால், மாடி உள்ள வீட்டில், ஒழுங்கையில் இன்னும் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஒரே மாடியில் நில்லுங்கள். மாடியில்லாத வீட்டுக்குக் காவல் நிற்பதில் அர்த்தமே இல்லை. தண்ணீரே உங்களுக்கு முன்னால் உள்ளே போய்விடும். கள்ளன் எடுக்கக்கூடியது எது என்று யோசித்தால் தாலிக்கொடி, காசு, லப்டொப், காணி உறுதி. எல்லாம் ஒரு பைக்குள் அடங்கும். ஃபிரிட்ஜைத் தண்ணீர் கெடுத்த பிறகு கள்ளனும் எடுக்க மாட்டான்.

அந்தப் பையில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் கட்டாயம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒருமுறை எல்லாவற்றையும் தொலைத்து, அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்து திரும்ப எடுத்த பத்திரங்கள் நம்மில் பலருடைய அலுமாரியில் இருக்கின்றன. அதை இன்னொருமுறை எடுக்க அலைவது வெள்ளத்தைவிடப் பெரிய தண்டனை.

## எப்போது?

எந்த வழி என்பதைவிட எந்த மணி என்பதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது.

களனி மற்ற ஆறுகளைப் போலச் சட்டென்று வராது, தவணை கொடுக்கும். கித்துல்கல, தெரணியகல பக்கம் கொட்டிய மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல தாண்டி நாகலகம் வீதிக்கு வந்து உச்சத்தைத் தொட ஒரு நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மேலே நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறந்த செய்தி வந்தால் கவனம் எடுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த இடங்களின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது. இரண்டு எண்களை ஞாபகம் வைத்தால் போதும். ஹங்வெல்லவில் 10 மீற்றர் என்றால் பெரிய வெள்ளம். நாகலகம் வீதியில் 5 அடி சிறிய வெள்ளம், 7 அடி பெரிய வெள்ளம். ஹங்வெல்ல 8 மீற்றரைத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், 2016ல் நனைந்த வீட்டுக்காரர் பையைக் கட்டத் தொடங்க வேண்டும். நாகலகம் வீதி எண்ணுக்காகக் காத்திருந்தால், அது வரும்போது தண்ணீரும் கூடவே வந்திருக்கும்.

இந்தத் தவணைதான் ஆட்களை ஏமாற்றுவதும். 2025ல் கொழும்பில் மழை குறைந்து வானம் தெளிந்த பிறகும் ஆற்றோரப் பகுதிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. "மழை விட்டாச்சு, இனி ஏன் போகணும்?" என்று பையைத் திரும்ப அவிழ்த்தவர்கள் படகில் வந்தார்கள்.

எச்சரிக்கை தமிழில் பிந்தி வரும், சில நேரம் வராமலே போகும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

மற்றபடி எனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பின்னேரம் 4 மணிக்கு "போவதா, வேண்டாமா" என்று இன்னும் கதைத்துக்கொண்டிருந்தால், போய்விடுங்கள். இருட்டிய பிறகு அந்தக் கதையை யாரும் நிதானமாகக் கதைப்பதில்லை.

## திரும்பி வரும்போது

தங்கச்சி குடும்பம் அன்று 5 மணிக்கு முன்பே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது, மாமியாரை ஒரு த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு. நாய் பக்கத்து வீட்டு மாடியில். ஃபிரிட்ஜை இரண்டு மேசை சேர்த்து ஏற்றிவிட்டுப் போனார்கள், அது போதவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மின்சார வேலை தெரிந்த ஒருவர் பார்க்காமல் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். கட்டிலுக்கடியில் பாம்பு இருக்கலாம், தடியால் தட்டிவிட்டு உள்ளே போங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரும். தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். கிணறு இருந்தால் இறைத்துக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம். சேற்றைக் கழுவ வாளியை எடுக்கும் முன் ஒவ்வொரு அறையையும், சுவரில் தண்ணீர் விட்ட கோட்டையும் போனில் படம் எடுத்துக் கிராம சேவகருக்கு அனுப்பிவிடுங்கள். கழுவிய வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.